சக்தி கரகம் ‘சகதி கரகம்’ ஆன கதை

இந்த ஆடியில் இப்படிக் கெட்டுப்போன மூன்றாவது நோட்டீஸ் இது. திருவிழாக் கமிட்டிக்காரர் நோட்டீஸ் கட்டை எங்கள் அச்சக மேசையில் போட்டு, “என்னங்க, சகதி கரகம்னு அடிச்சிருக்கீங்க?” என்றார். டைப் செய்ததில் பிழை இல்லை, க் மேல் புள்ளி இருந்தது. அவரே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்த பிரஷ் எழுத்தின் கீறல் அதைத் தின்றுவிட்டது.

காய்ந்த பிரஷ்ஷை இழுத்த மாதிரி நடுநடுவே வெள்ளைக் கோடு விழும் எழுத்து அது. அழகுதான், மறுக்கவில்லை. கபடிப் போட்டி பேனர், டீ-சர்ட், ஊறுகாய் லேபிள் என்று இரண்டு மூன்று சொற்களைப் பெரிதாகப் போட்டால் அந்த முரட்டுத்தனம் கண்ணைப் பிடித்து இழுக்கும். 1942இல் அமெரிக்காவில் வந்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ என்ற ஆங்கில எழுத்துருவுக்கும் தலைப்பும் விளம்பரமும்தான் இடம். இத்தனைக்கும் அதன் உடம்புக்குள் கீறலே கிடையாது. நம் ஆட்களோ நிகழ்ச்சி நிரல் முழுவதையும் கீறல் எழுத்தில் கேட்கிறார்கள்.

கேட்டால் ஒரே பதில்: “போன்ல நல்லாத்தானே தெரிஞ்சுது?” தெரியத்தான் செய்யும். நோட்டீஸில் 10 பாயிண்ட் எழுத்தளவு என்பது மூன்றரை மில்லிமீட்டர். அதிலும் எழுத்து அதைவிடச் சிறிதாகத்தான் உட்காரும். அதை விரலால் விரித்து 3 சென்டிமீட்டராக்கிப் பார்த்தீர்கள். பேப்பரை விரலால் விரிக்க முடியுமா? போன் திரை தானே ஒளிவிடும், எங்கள் தாளில் மை கொஞ்சம் பரவும். மெல்லிய கீறல் அடைத்துக்கொள்ளும், பெரிய கீறல் புள்ளியைக் காணாமல் ஆக்கும். ஆங்கிலத்தில் ஒரு கீறல் போனால் அழகு மட்டும் குறையும். தமிழில் புள்ளி போனால் சொல்லே மாறிவிடும். இதற்கு “மை சரியில்லை” என்று மெஷின்காரரைத் திட்டாதீர்கள், ப்ளீஸ்.

சரி, என்ன செய்யலாம்? தலைப்புக்கு மட்டும் பிரஷ். தேதி, இடம், பெயர்கள், போன் நம்பர் எல்லாம் சாதாரண எழுத்து. ஓகே சொல்லும் முன் அசல் அளவிலேயே ஒரு பிரிண்ட் எடுத்து, வீட்டில் கண்ணாடி போட்டவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தை மாற்றுங்கள், அவரை அல்ல.

டிசைன் செய்யும் தம்பிகளுக்கும் ஒன்று. ‘அம்மன்’ என்று போட்டால் இரண்டு மகரத்திலும் அச்சுப் பிசகாமல் அதே கீறல். கையால் எழுதியவன் அப்படி எழுதுவானா? எழுத்துருவில் அதே எழுத்துக்கு மாற்று வடிவம் இருந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, ஒன்றில் மட்டும் கீறலைக் கொஞ்சம் திருத்துங்கள். புள்ளிக்குள் கீறல் இருந்தால் நிரப்பிவிடுங்கள். சுற்றி அவுட்லைன் வேண்டாம், ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கோடு ஓடும்.

அப்புறம், இதையே ஸ்டிக்கர் கட்டிங்குக்கு அனுப்பாதீர்கள். பிளேடு ஒவ்வொரு துணுக்கையும் சுற்றி வரும், நான் உட்கார்ந்து ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். மீறி அனுப்பினால் இரட்டைக் கூலி.