உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு?

பேதிக்குக் கரைத்துக் குடிக்க மருந்துக்கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சோற்றில் போடும் அதே உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மொத்தம் 20.5 கிராம் தூள், அவ்வளவுதான். பேதியில் உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகின்றன, அதனால் உப்பு சேர்ப்பது புரிகிறது. சர்க்கரை ஏன்? தெம்புக்கு என்பார்கள் சிலர். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கட்டும் என்பதற்காக என்பார்கள் வேறு சிலர். உண்மையில் அந்தச் சர்க்கரைதான் உப்பைக் குடலிலிருந்து இரத்தத்துக்கு அழைத்துப் போகிறது. அது இல்லாத வெறும் உப்புத் தண்ணீரைக் காலரா நோயாளி குடித்தால், பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும்.

இது தெரியாத காலத்தில் காலரா ஊர் ஊராக ஆளை வாரிக்கொண்டு போனது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் போகும். காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் இரவுக்குள் இறந்துவிடுவார். கிருமியைக் கல்கத்தாவில் ராபர்ட் காக் 1884-லேயே அடையாளம் கண்டுவிட்டார். ஆனால் அது எப்படிக் கொல்கிறது என்பது விளங்க மேலும் 75 ஆண்டுகள் ஆயின.

விளங்க வைத்தவர் அதே கல்கத்தாவின் நோயியல் பேராசிரியர் சம்புநாத் டே. வசதிகள் குறைந்த ஆய்வகம் அவருடையது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கோத்துப் பலூன் போல உப்பியது. 1959-இல் இன்னொரு படி போனார். கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத அந்தத் திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஆக, வேலையைச் செய்வது கிருமி கக்கும் நஞ்சு. ஏறக்குறைய அதே சமயத்தில் பாங்காக்கில் காலரா நோயாளிகளின் குடல் சவ்வை எடுத்துப் பார்த்தபோது, அது கிழியாமல் உரியாமல் முழுதாக இருந்தது. காலராவில் குடலின் உட்சுவரே உரிந்து போகிறது என்ற பழைய நம்பிக்கை அதோடு சரிந்தது. டேயின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இன்னும் பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

காலராவோடு சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வியை அதே நேரத்தில் வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாம் சாப்பிடும் சர்க்கரை குடல் சுவரை எப்படித் தாண்டுகிறது? அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் விடையைச் சொன்னார். குளுக்கோஸ் தனியாகப் போவதில்லை, உப்பில் உள்ள சோடியத்தின் துணையோடுதான் போகிறது.

பரிசல்துறையை நினைத்துக்கொள்ளுங்கள். குடலின் செல் சுவரில் ஒரு புரதம் பரிசல் போல நிற்கிறது. அதில் மூன்று இடங்கள். இரண்டு சோடியத்துக்கு, ஒன்று குளுக்கோஸுக்கு. மூன்றும் நிறையாமல் பரிசல் நகராது. நிறைந்ததும் அக்கரையில், அதாவது செல்லுக்குள், இறக்கிவிட்டுத் திரும்பும். செல்லின் மறுபக்கத்தில் ஒரு பம்பு சோடியத்தை ஓயாமல் இரத்தத்தின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பதால், உள்ளே சோடியத்துக்கு எப்போதும் இடம் இருக்கும். உப்பும் சர்க்கரையும் போன பக்கம் தண்ணீரும் தானாகப் போகும்.

காலரா நஞ்சு குடல் செல்களில், உப்பின் இன்னொரு பாகமான குளோரைடு வெளியேறும் மடையைத் திறந்துவிடுகிறது. பின்னாலேயே சோடியமும் நீரும் கொட்டுகின்றன. உப்பு உள்ளே வரும் வழக்கமான வழி ஒன்றையும் அது அடைத்துவிடுகிறது. ஆனால் அந்தப் பரிசலை அது தொடுவதே இல்லை! குடல் நீரை இறைத்துக் கொட்டும் அதே வேளையில், சர்க்கரையோடு வரும் உப்பை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருக்கிறது.

சர்க்கரையும் சோடியமும் சேர்ந்தே போகின்றன என்று தெரிந்த பிறகும் உடனே மருந்து வந்துவிடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மணிலாவில் ஒரு கரைசலைக் கொடுத்துப் பார்த்தார்கள். செறிவு அதிகமாகிப்போனதில் நோயாளிகள் சிலர் இறந்தார்கள். கருத்து சரியாக இருந்தும் அளவு தப்பினால் ஆளைக் கொல்லும். அளவைப் பிடித்தது டாக்காவின் காலரா ஆய்வு நிலையம். அங்கே நோயாளியைப் படுக்கவைக்கும் கட்டிலின் நடுவில் ஒரு துளை இருக்கும், கீழே வாளி. எவ்வளவு போகிறது என்று அளந்துவிடலாம். டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் வாளியில் சேர்ந்த அளவுக்கு ஈடாகக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். 1968-இல் 29 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை சுமார் 80 சதவீதம் குறைந்தது.

ஆனால் அது கண்காணிப்பு மிகுந்த வார்டு. வெளி உலகம் எப்படி இருக்கும் என்பது 1971-இல் தெரிந்தது. வங்கதேசப் போரில் இலட்சக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்தின் போங்காவ் பகுதிக்கு வந்தார்கள். முகாமில் காலரா பரவியது. மருத்துவமனைத் தரை முழுக்க நோயாளிகள், ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் இல்லை. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டி எடுத்துவந்து, குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார். ஊற்றிக் கொடுத்தவர்கள் தாய்மார்களும் அண்ணன் தம்பிகளும்தான். ஊசி ஏற்றினால்தான் வைத்தியம் என்று நினைத்தவர்களிடம் இதை ‘வாய்வழி சலைன்’ என்று சொல்லிப் புரியவைத்தார். முகாமில் 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, அவருடைய பராமரிப்பில் 3.6 சதவீதமாக இறங்கியது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்த டிரம்முக்குள் இருந்தது முயல் குடலும், பிராக் உரையும், டாக்காவின் வாளியும்.

ஆய்வு அதன்பிறகும் நிற்கவில்லை. பல நாடுகளில் குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபின், 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் சர்க்கரையையும் குறைத்துக் கலவையை மாற்றியது. சோடியமும் குளுக்கோஸும் இப்போது எடையில் அல்ல, துகள்களின் எண்ணிக்கையில் சமமாக இருக்கின்றன. நீர்த்த கரைசலே நன்றாக உறிஞ்சப்படுகிறது, பேதியும் வாந்தியும் குறைகின்றன. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கக் கூடாது என்பது இதனால்தான். சர்க்கரை மிகுந்த பானங்களும் உதவாது. பரிசலில் இடம் கிடைக்காத சர்க்கரை குடலிலேயே தங்கி, இரத்தத்திலிருந்து நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். இந்தக் கலவைப்படி இல்லாத பானங்கள் தங்கள் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக்கூடாது என்று 2025-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெற்றோர் வாங்குமுன் உறையைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரைக்குப் பதில் மாவுப்பொருளைச் சேர்த்தால்? அரிசி மாவுக் கரைசலும் காலராவில் நன்றாக வேலை செய்வதை ஆய்வுகள் காட்டின. அரிசி செரிக்கச் செரிக்கக் குளுக்கோஸ் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, குடலில் ஒரேயடியாகச் செறிவு ஏறுவதில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவை எடுத்துக்கொண்டார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து, பெருங்குடலையும் உப்பும் நீரும் உறிஞ்ச வைக்கிறது. அதைக் கரைசலில் சேர்த்தபோது காலரா நோயாளிகளின் பேதி சீக்கிரம் அடங்கியதை 2000-இல் வெளியிட்டார்கள். பேதியான பிள்ளைக்கு நம் பாட்டிமார் உப்புப் போட்ட கஞ்சி கொடுத்ததும் அந்த அரிசி மாவுக் கரைசலின் வழியில்தான்.

அந்தப் பரிசலின் உறவுக்காரப் புரதம் ஒன்று சிறுநீரகத்தில் இருக்கிறது. வடிகட்டப்படும் சர்க்கரையை மீண்டும் இரத்தத்துக்குள் சேர்ப்பது அதன் வேலை. அதைத் தடுத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் போகவிடும் மாத்திரைதான் டாபாகிளிஃப்ளோசின். இன்று நீரிழிவுக்காரர்கள் பலருடைய மாத்திரை டப்பாவில் அது இருக்கிறது, இதய நோய்க்கும் தருகிறார்கள்.