மழலைக்குக் கிடைக்கும் மறுமொழி

குடியாத்தத்தில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், எதிர்த் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒரு தாயையும், பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த அவருடைய எட்டு மாதக் குழந்தையையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை "ப்பா" என்று ஓர் ஒலி எழுப்பியது. தாய் விரல்களை நிறுத்தாமலே முகத்தை மட்டும் திருப்பி, "இன்னாடா கண்ணு, அப்பாவா? அப்பா வேலைக்குப் போய்க்கீறாரு" என்றார். குழந்தை அவர் வாயையே சற்று நேரம் பார்த்துவிட்டு "ப்பப்பா" என்றது. "ஆமா, அப்பா, அப்பாதான்" என்று உடனே பதில் வந்தது. முறத்தில் இலையும் தூளும் குறையக் குறைய, இந்தப் பேச்சு மட்டும் குறையாமல் நடந்துகொண்டிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது தாய் எத்தனை சொற்களைச் சொன்னார் என்பதன்று. பேச்சைத் தொடங்கி வைத்தது குழந்தை. மறுமொழி ஓரிரு நொடிக்குள் வந்தது. வந்த மறுமொழி குழந்தை எழுப்பிய ஒலியையே ஏந்திக்கொண்டு வந்தது. குழந்தை மொழி கற்பதில் இம்மூன்றும் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கின்றன என்பதைக் 1970கள் முதல் நடந்துவரும் ஆய்வுகள் சிறிது சிறிதாகத் தெளிவாக்கியிருக்கின்றன.

கருவிலிருக்கும்போதே தாயின் குரல் குழந்தையின் காதுக்கு எட்டிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள், தம் தாயின் குரலைக் கேட்பதற்காக, வாயில் வைத்த காம்பைச் சப்பும் வேகத்தையே மாற்றிக்கொண்டன என்று அந்தோனி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும் 1980இல் காட்டினர். அடுத்த சில மாதங்களில் காது செய்யும் வேலை இன்னும் வியப்பானது. 'ட'வும் 'த'வும் நமக்கு இரு வேறு எழுத்துகள். 'பாட்டி'யும் 'பாத்தி'யும் ஒன்றாகிவிடுவதில்லை. ஆங்கிலம் மட்டும் பேசும் பெரியவர் பலருக்கு இந்த வேறுபாடு காதில் விழுவதே கடினம். ஆனால், ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் இந்தியில் உள்ள இவ்விரு ஒலிகளையும் பிரித்தறிந்தனர் என்றும், 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது என்றும் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்டனர். தன்னைச் சுற்றி வழங்கும் ஒலிகளைக் கூர்மையாக்கிக்கொண்டு, வழங்காதவற்றைக் காது கைவிடுகிறது. வாணியம்பாடியிலோ பேரணாம்பட்டிலோ உருதும் தமிழும் கலந்து ஒலிக்கும் ஒரு தெருவில் வளரும் குழந்தை, தமிழின் ழகர ளகரங்களையும், உருதில் மூச்சுக்காற்றோடு வரும் ககரத்தையும் ஒருசேரக் காப்பாற்றிக்கொள்ள வாய்ப்புள்ளது. இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதை நான் அழுத்தமாகவே சொல்வதுண்டு.

அப்படியானால், ஒலிகள் காதில் விழுந்தால் போதாதா? தொலைக்காட்சியை ஓடவிட்டால் ஆகாதா? இந்தக் கேள்விக்குப் பட்ரிசியா கூலும் அவருடைய குழுவினரும் 2003இல் விடை கண்டனர். அமெரிக்காவில் ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த 9 மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து 12 முறை விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே ஆட்களையும் அதே பேச்சையும் படக்காட்சியாகவோ ஒலிப்பதிவாகவோ கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. சொற்கள் மாறவில்லை, எதிரில், தன்னைப் பார்த்துப் பேசும் ஆள் மட்டுமே இல்லை.

அந்த ஆள் அப்படி என்னதான் செய்கிறார் என்பதைப் பிரித்துக் காட்டிய ஆய்வு மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் அதே 2003இல் வெளியிட்டது. அதன் அமைப்பு மிக எளிது. எனினும் இத்துறையில் எனக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு வேறில்லை. எட்டு மாத அளவிலான குழந்தைகளின் தாய்மாரை இரு பிரிவாக்கினர். முதல் பிரிவுத் தாய்மார், குழந்தை மிழற்றிய, அதாவது சொல்லாகாத மழலை ஒலி எழுப்பிய, உடனே புன்னகைத்து, அருகில் நெருங்கி, தொட்டனர். இரண்டாம் பிரிவினரும் அதே அளவுக்குப் புன்னகைத்தனர், தொட்டனர். ஆனால், வேறொரு குழந்தை மிழற்றிய கணக்கின்படி அவர்களுக்குச் சைகை கொடுக்கப்பட்டதால், அந்த அன்பு தம் குழந்தையின் ஒலிக்கு விடையாக அமையவில்லை. முதல் பிரிவுக் குழந்தைகளின் மிழற்றல் அந்த ஒரே அமர்வுக்குள் முதிர்ந்தது: வெறும் முனகலாக இருந்தவை தெளிவான உயிரொலிகளாகவும், மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளாகவும் மாறின. இரண்டாம் பிரிவில் அந்த மாற்றம் இல்லை. அன்பின் அளவு சமம். நேரம் மட்டுமே வேறு.

2008இல் கோல்ட்ஸ்டீனும் ஜெனிஃபர் ஷ்வேடும் மேலும் ஒரு படி சென்றனர். மிழற்றலுக்கு உடனடி விடையாகத் தாய் சொன்ன சொல்லின் அமைப்பை, அதாவது உயிரொலி மட்டுமா, மெய்யோடு கூடிய அசையா என்பதை, குழந்தைகள் தம் மிழற்றலில் எடுத்துக்கொண்டன. தாய் சொன்ன அதே ஒலியைக் கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்லவில்லை. தான் எழுப்பிய ஒலி உலகத்தில் ஒரு விளைவை உண்டாக்கியது என்று உணரும் அந்த நொடியில் குழந்தையின் கவனம் விழித்திருக்கிறது. அப்போது காதில் விழுவது பதிகிறது. விளைவு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை எட்வர்ட் ட்ரோனிக் 1970களில் காட்டினார்: தாய் திடீரென முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டதும், குழந்தை சிரித்தும் குரல்கொடுத்தும் அவரை மீட்கப் பார்க்கிறது, இயலாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு இந்த இருவர் பேச்சில் மூன்றாவதாக ஒரு பொருள் நுழைகிறது. குழந்தை கூரைமேல் பார்க்கிறது, ஆயா அதன் பார்வையைப் பின்தொடர்ந்து, "காக்கா! அதோ கீது பாரு காக்கா!" என்று குரலை உயர்த்தி, இழுத்து, திரும்பத் திரும்பச் சொல்கிறார். குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொல்வது, அதன் கவனத்தை வேறு பொருளுக்கு இழுத்துப் பெயர் சொல்வதைவிட நன்றாகப் பதிகிறது என்று மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபாராரும் 1986இல் கண்டனர். பிள்ளைத்தமிழ் மரபு ஒன்பதாம் மாதத்துக்குக் கைகொட்டும் சப்பாணியையும், பதினைந்தாம் மாதத்துக்கு நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலியையும் வைத்திருப்பதை நான் இதனோடு சேர்த்தே எண்ணுவேன். கையும் கண்ணும் பேச்சும் ஒன்று சேரும் பருவங்களை நம் முன்னோர் உற்றுப் பார்த்திருக்கிறார்கள்.

கைப்பேசி இங்கே செய்யும் தீங்கு, அது பேச்சைக் குறைப்பது மட்டுமன்று. தாய் புதுச்சொல் கற்பிக்கும்போது நடுவே அழைப்பு வந்து பேச்சு அறுந்தால், இரண்டு வயதுக் குழந்தை அச்சொல்லைக் கற்பதில்லை என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மொத்தத்தில் சொல்லப்பட்ட தடவை மாறாதபோதும் அப்படியே. ஆனால் அதே கருவி வேறுவிதமாகவும் உதவும். வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைபோல் வீட்டுக்கொருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்களில், காணொளி அழைப்பில் மட்டுமே அப்பாவைக் காணும் பிள்ளைகள் உண்டு. எதிரில் இருப்பவர் குழந்தைக்கு அவ்வப்போதே விடை சொன்னால், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளைகள் காணொளி அழைப்பிலும் புதுச்சொல் கற்கின்றன என்பது 2014இல் தெரிந்தது. பதிவுசெய்த படத்திலிருந்து அவை கற்கவில்லை.

மறுமொழி தரும் தாயின் பிள்ளை விரைவில் பேசுகிறது என்றால், அது மரபணுவின் வேலையாகவும் இருக்கலாமே என்று கேட்பது நியாயம். கேத்தரின் டாமிஸ்-லெமோண்டா குழுவினரின் 2001ஆம் ஆண்டு ஆய்வில், அதிகம் மறுமொழி தந்த தாய்மாரின் குழந்தைகள் ஐம்பது சொல் பேசுவது போன்ற படிகளைப் பல மாதம் முன்னதாகவே எட்டின. ஆயினும் அது காரணத்தை நிறுவாது. சூசன் லாண்ட்ரி குழுவினர் தாய்மாரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் மறுமொழி தரும் பழக்கத்தைக் கற்பித்தபோது, அவர்கள் பிள்ளைகளின் பேச்சும் முன்னேறியது. அதனால்தான் இதை வெறும் மரபணுவின் வேலை என்று நான் ஒதுக்குவதில்லை. பேச்சு ஒன்றே போதும் என்பதும் இல்லை. வேலூரை எட்டு இடங்களுள் ஒன்றாகக் கொண்டு பிறப்பிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்த பன்னாட்டு ஆய்வு, தொற்றையும் ஊட்டச்சத்தையும் வளர்ச்சியோடு சேர்த்தே அளந்தது. காய்ச்சலிலும் பசியிலும் வாடும் குழந்தை மிழற்றுவதே குறைவு.

சில வீடுகளில் ஒலியும் மறுமொழியுமான இந்தச் சங்கிலி குழந்தையின் முனையில் அறுகிறது. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் வழக்கமாயுள்ள நம் பகுதியில் பிறவிக் காதுகேளாமைக்கு வாய்ப்புக் கூடுதல். கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் ஒலி எழுப்பும்; ஆனால் "பாபா", "மாமா" என்ற அசைத்தொடர் தாமதமாகும், தாயும் விடை கிடைக்காமல் மெல்லப் பேச்சைக் குறைத்துவிடுவார். ஆகவே, ஓராண்டு நிறைந்தும் மிழற்றாத, விரலால் சுட்டாத குழந்தைக்கு உடனே காதைச் சோதிக்க வேண்டும்; பிறந்தவுடனே சோதிப்பது அதனினும் நன்று, ஏனெனில் ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவப்பட்ட குழந்தைகள் மொழியில் முந்தியிருந்ததைக் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோ குழுவினர் 1998இல் காட்டினர். காதுகேளாத பெற்றோர் கைமொழியில் பேசி வளர்த்த கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மிழற்றும் அதே வயதில் விரல்களால் மிழற்றுகின்றன. அவற்றுக்கு விடையும் விரல்களிலேயே வருகிறது.