கொண்டைக்கடலை வறட்சியைத் தாங்குவது எப்படி?

இந்தியாவில் கொண்டைக்கடலை பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தபின், அக்டோபர், நவம்பர் மாதங்களில், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ஆந்திரம் முதலிய மாநிலங்களின் கரிசல் நிலங்களில் விதைக்கப்படும் இப்பயிர், மண் தேக்கி வைத்திருக்கும் ஈரத்தை நம்பியே வளர்கிறது. நாள் செல்லச் செல்ல அந்த ஈரம் மேலிருந்து கீழாக வற்றுகிறது. காய் பிடித்து மணி திரளும் பருவமோ அது தீரும் தறுவாயில்தான் வருகிறது. இதை இறுதிக்கால வறட்சி என்பர்.

இதற்கு எளிய வழி, வறட்சிக்கு முன்பே விளைந்து முடிவது. ஹைதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் என்னும் பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஐசிசிவி 2 என்னும் குறுகிய கால ரகம் அப்படிப்பட்டது. ஆனால், மண்ணில் ஈரம் மிஞ்சும் நல்ல ஆண்டுகளில் இத்தகைய செடி அதைப் பயன்படுத்தாமலே முதிர்ந்துவிடும்.

எனவே ஆய்வாளர்கள் வேரைக் கவனித்தனர். ஐசிசி 4958 என்னும் ரகத்தின் வேர்த்தொகுதி செழிப்பானது. வேர், விதை எடை உள்ளிட்ட பல பண்புகளை ஒருசேரப் பாதிக்கும் மரபணுப் பகுதி ஒன்று அதன் நான்காம் குரோமோசோமில் கண்டறியப்பட்டது. அப்பகுதியைப் பூசா 372 ரகத்துக்குக் கொண்டுசெல்ல இரண்டையும் கலப்பினம் செய்து, கிடைத்த செடிகளை மீண்டும் மீண்டும் பூசா 372 உடனேயே கலந்து, ஒவ்வொரு தலைமுறையிலும், அப்பகுதி இருப்பதைக் காட்டும் டிஎன்ஏ குறியீடுகளைக் கொண்டு வேண்டிய செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்தனர். இவ்வாறு உருவான பூசா 10216 ரகம் 2019இல் மத்திய இந்தியாவுக்காக வெளியிடப்பட்டது. இது மரபணு மாற்றுப் பயிர் அன்று. கொண்டைக்கடலைக்குள்ளேயே இருந்த பண்பு ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

ஆயினும், ஆழமான வேர்தான் வறட்சியைத் தாங்கும் திறன் என்று முடிவுகட்டுவது அவசரம். மண் நிரப்பிய நீண்ட குழாய்களில் செடிகளை வளர்த்து, எடை குறைவதைக் கொண்டு அவை குடிக்கும் நீரை அளந்த இக்ரிசாட் ஆய்வுகளில், வறட்சி தாங்கும் ரகங்கள் மொத்தத்தில் அதிக நீரை உறிஞ்சிவிடவில்லை. இலைவளர்ச்சிப் பருவத்தில் சிக்கனமாக இருந்து, பூத்த பிறகு செலவிட மிச்சம் வைத்திருந்தன. அத்தகைய செடிகளின் இலைகள், ஈரம் போதுமான அளவு இருக்கும்போதே நீராவிப்போக்கைக் கட்டுக்குள் வைத்திருந்தன. தொடக்கத்தில் தழைத்து நிற்கும் செடி பார்வைக்கு அழகுதான், ஆனால் மணிக்கு வேண்டிய நீரை அது இலைக்கே செலவழித்துவிடக்கூடும்.

சாகுபடியிலும் இதே கணக்குதான். மேல்மண் உலர்ந்திருந்தால் ஈரம் இருக்கும் ஆழத்தில் விதை விழுமாறு விதைக்க வேண்டும். களைகள் ஈரத்தைப் பங்குபோடுவதால் அவற்றைத் தொடக்கத்திலேயே அகற்ற வேண்டும். ஒரே ஒரு தண்ணீர் பாய்ச்ச வசதி இருந்தால், இளம்பயிருக்குக் கொடுத்துத் தழையைப் பெருக்குவதைவிட, பூக்கும் முன்போ காய் பிடிக்கும்போதோ கொடுப்பதே விளைச்சலாக மாறும்.