முத்துச்சரச் செடி காயவில்லை, அழுகுகிறது

"தினமும் ஒரு டம்ளர் ஊத்துறேன் தம்பி, அப்பவும் காயுது" என்றார் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து வந்த அக்கா. பட்டாணி பட்டாணியாகத் தொங்குமே, ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ், அந்தத் தொட்டி. ஒரு சரத்தை லேசாகத் தூக்கினேன். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் நர்சரிக்கு இப்படித் திரும்பி வருகிற தொட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை.

முத்து சுருங்கினால் செடிக்குத் தாகம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! வேர் அழுகினாலும் முத்து சுருங்கத்தான் செய்யும். தொட்டி நிறையத் தண்ணீர் நின்றாலும் உறிஞ்ச வேர் வேண்டாமா? அதைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுகிறீர்கள். அந்த உருண்டைதான் இதன் இலை, உள்ளே இருப்பதெல்லாம் சேமித்த தண்ணீர். தென்னாப்பிரிக்காவின் வறண்ட நிலத்தில், புதர் நிழலில் தரையோடு படர்கிற செடி இது. நம் ஊர்க் கடல் காற்றில் ஈரத்துக்கா குறை? போதாததற்குச் சிலர் காலையும் மாலையும் ஸ்பிரே வேறு அடிக்கிறார்கள்.

முத்தை நசுக்கிப் பாருங்கள். தோல் சுருங்கி, தண்டு பச்சையாக உறுதியாக இருந்தால் தாகம். மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி தெரிந்து, தொட்டதும் கொழகொழவென உடைந்தால் அழுகல். மண் அடிவரை காய்ந்து, தூக்கினால் தொட்டி லேசாக இருக்கும்போது மட்டும் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் படாத இடத்துக்கு மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள்.

வாங்கிவந்த தொட்டியில் பெரும்பாலும் வெறும் கோகோபீட்தான் (தேங்காய் நார்த்தூள்) இருக்கும். அதை உதறிவிட்டு, பாதிக்குப் பாதி கழுவிய பருமணலும் செங்கல் பொடிசும் கலந்து, அடியில் ஓட்டையுள்ள ஆழமில்லாத மண்தொட்டியில் வையுங்கள். வில்லியனூர் மண்தொட்டி இருக்க, பீங்கான் கிண்ணம் எதற்கு? பீச்சிலிருந்து மணல் அள்ளி வராதீர்கள், உப்பு.

அப்புறம், உத்தரத்தை ஒட்டி மாட்டினால் தொட்டியின் மேல்பக்கத்துக்கு வெளிச்சம் கிடைக்காமல் உச்சி வழுக்கையாகிவிடும். கொஞ்சம் இறக்கி, காலை வெயில் விழும் இடத்தில் மாட்டுங்கள். சித்திரை உச்சிவெயில் மட்டும் ஆகாது.

அதற்காகக் குழந்தைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கிவிட வேண்டாம், தயவுசெய்து. பட்டாணி என்று வாயில் போட்டுக்கொள்ளும். விழுங்கினால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். பூனை, நாய்க்கும் ஆகாது.

அழுகிய தொட்டியிலும் நல்ல சரம் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். வெட்டி, ஓரிரு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்ததும் புது மண்ணின் மேல் சுருட்டி வையுங்கள். கணுவில் வேர் விடும். அக்காவுக்கும் அப்படித்தான் ஒரு தொட்டி போட்டுக் கொடுத்தேன். வாங்கிய கையோடு, "தண்ணி எப்ப ஊத்தணும், நாளைக்கா?" என்கிறார்.