மேட்டுப்பாத்தி மண் எங்கே போகிறது?

மேட்டுப்பாத்தி போட்டவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள்: விளிம்பு வரை கொட்டிய மண் வருடம் திரும்புவதற்குள் நாலு விரல் இறங்கிவிட்டதே, எங்கே போனது? முதல் சில வாரங்களில் இறங்குவது மண் படிவதால். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால், போட்ட தொழுவுரம் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் மட்கைத் தின்கின்றன. தின்ற கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கரியமில வாயுவாக மூச்சில் விட்டுவிடுகின்றன. ஈரம் இருந்து, வெப்பமும் பத்து டிகிரி கூடினால் இந்த வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதனால் குளிர்நாட்டுத் தோட்டக்காரர் சொல்லும் உர அளவை மதுரை வெயிலில் அப்படியே பின்பற்றினால் கட்டுப்படியாகாது. இங்கே ஒவ்வொரு பட்டத்துக்கும் மட்கு போட்டுத்தான் ஆகவேண்டும்.

சரி, எதைப் போடுவது? இந்த உயிர்களின் உடம்பில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, சுமார் எட்டுப் பங்கு கார்பன் இருக்கிறது. மூச்சில் போவதையும் சேர்த்தால் அவற்றின் சாப்பாட்டில் 24க்கு 1 என்ற விகிதம் வேண்டும். கடலைப் பிண்ணாக்கில் இது பத்துக்கும் கீழே. மிஞ்சும் தழைச்சத்து செடிக்குக் கிடைக்கும். வைக்கோலில் அறுபது, எண்பது. மரத்தூளில் சில நூறு. இவற்றை மண்ணோடு கலந்தால், பற்றாத தழைச்சத்தை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே இழுத்துக்கொள்ளும். நிறைய உரம் போட்டும் செடி வெளிறிப்போகும் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

அடி இலையைப் பாருங்கள். தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை உருவிக் குருத்துக்கு அனுப்பும். அதனால் மஞ்சள் கீழிருந்து தொடங்கும். குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை, வைத்தியமும் வேறு.

மட்காத தேங்காய் நார்த்தூளிலும் விகிதம் நூறைத் தாண்டும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம் என்பதால் லேசில் மட்கவும் மட்காது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக முறையில் ஒரு டன் நார்த்தூளுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காக்கிறார்கள். லிக்னினை உடைக்கக் காளானுக்குத் தெரியும். விகிதம் சுமார் 112லிருந்து 24க்கு இறங்கி, தூள் கறுத்துவிடும்.

அதே வைக்கோலை மண்ணில் கலக்காமல் மேலே மூடாக்காகப் பரப்பினால் இந்தத் தொல்லை இல்லை. மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில் மட்டும்தான் இழுபறி நடக்கும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது.

மேட்டுப்பாத்தியில் தண்ணீர் நன்றாக வடியும். அதுவே ஒரு செலவும்கூட. பிண்ணாக்கின் தழைச்சத்து முதலில் அம்மோனியமாக வெளிவந்து களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும். சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றியதும் பிடி விட்டுத் தண்ணீரோடு கீழே போய்விடும். வேப்பம் பிண்ணாக்கு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. இந்தியாவில் 2015இல் யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு கட்டாயமானதற்கும் இது ஒரு காரணம். ஆகவே கடலைப் பிண்ணாக்கோடு கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் சேர்ப்பது நல்லது.

அப்புறம் பயறு வகைகள். தட்டைப்பயறுச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் நின்றுவிட்டது. பயறு போட்டாலே மண் வளமாகிவிடும் என்பது பாதிதான் சரி. காய் பிடித்ததும் தழைச்சத்தில் பெரும்பகுதி விதைக்குள் போய்விடும். காயைப் பறித்துக்கொண்டு வேரை மட்டும் விட்டால் மண்ணுக்குச் சேர்வது சொற்பம். பாத்திக்காகவே விதைப்பதானால், பூ எடுக்கும்போதே முழுச்செடியையும் நறுக்கி மண்ணில் புரட்டிவிட வேண்டும். பசுந்தாள் உரப் பயிரான சணப்பென்றால் விதைத்த ஆறேழு வாரத்தில் அந்தப் பருவம் வந்துவிடும்.