நிழலை இழந்தும் அடையாளம் இழக்காத ஓவியங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் சுவர்களில் கண்ணாடிச் சட்டங்களுக்குள் இருக்கும் ரவிவர்மா படங்கள் பல, கல்லச்சில் பிறந்தவை. 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் படத்தை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, எண்ணெய் வண்ணத்தின் மெல்லிய நிழல்களைக் காகிதத்தில் கொண்டுவர முயன்றது. இத்தகைய ஓவியத்தைச் சித்திரக்கதையின் (காமிக்ஸ்) கட்டங்களில் மீண்டும் வரைபவரோ அந்த நிழல்களைத்தான் முதலில் கைவிடுகிறார். ஆயினும், நளனிடமிருந்து தூது வந்த அன்னத்தின் சொல்லைக் கேட்டு நிற்கும் ரவிவர்மாவின் தமயந்தியை வெறும் கறுப்புக் கோடுகளில் கண்டாலும், காரைக்குடியில் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு மூல ஓவியம் உடனே நினைவில் எழுகிறது.

இதற்கு அடிப்படை நம் பார்வையின் அமைப்பில் உள்ளது. பூனையின் மூளையை ஆராய்ந்த நரம்பியல் அறிஞர்கள் ஹியூபலும் வீசலும், குறிப்பிட்ட சாய்வுள்ள விளிம்புகளுக்கு மட்டும் தூண்டப்படும் செல்கள் பார்வைப் புறணியில் (காட்சியை அறியும் மூளைப் பகுதியில்) இருப்பதை 1959-இல் வெளியிட்டனர். 1981-இல் நோபல் பரிசு பெற்றனர். உலகில் எந்தப் பொருளைச் சுற்றியும் கறுப்புக் கோடு கிடையாது. எனினும் ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பு அந்தச் செல்களில் எழுப்பும் தூண்டலையே ஏறத்தாழ ஒரு கோடும் எழுப்புவதால், மூளை அதைப் பொருளின் எல்லையாக ஏற்றுக்கொள்கிறது.

கோட்டுக்கு அடுத்துக் காக்க வேண்டியது உருவங்களின் இடவமைப்பு. மேசையின் ஒரே பக்கத்தில் மும்மூவராகச் சீடர்கள், நடுவில் ஒருவர் என்ற ஒழுங்கு இருந்தால், யாரை உட்கார வைத்தாலும் அது லியொனார்டோவின் ‘கடைசி இராவுணவு’தான். சிவப்பு வானம், சாய்ந்தோடும் பாலம், கன்னங்களைப் பற்றிய கைகள் இருந்தால் நார்வே ஓவியர் மூங்க்கின் ‘அலறல்’ (1893) வந்துவிடும். ஆகவே, சேலையின் நிறத்தை மாற்றுவதைவிடத் தமயந்தியின் தலைச்சாய்வை மாற்றுவதே பெரிய பிழை என்பது என் கருத்து.

உண்மையான மறுகற்பனை காலத்தில் நிகழ்கிறது. ஓவியர் ஒரு கணத்தை மட்டும் தேர்கிறார். அதன் முன்னும் பின்னும் பார்ப்பவர் மனத்தில்தான் ஓடும். சித்திரக்கதையோ அதே கணத்தை நடுக்கட்டத்தில் வைத்து, அன்னங்கள் சோலையில் இறங்குவதையும் தோழியர் ஆளுக்கொன்றாகத் துரத்துவதையும் முன்னே வரைகிறது. தூது சொன்ன அன்னம் நளனிடம் திரும்புவதைப் பின்னே சேர்க்கிறது. மகாபாரதத்தில் வரும் நளன் கதையைப் படித்தவருக்கு இவை புதியன அல்ல. ஆனால் ஓவியத்தின் மௌனம் இங்கே பேச்சாகிறது. அந்தப் பேச்சை எழுதக் கட்டத்துக்குள் குமிழ் வேண்டும், குமிழுக்கு வெற்றிடம் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், உருவங்களைக் கீழே தள்ளி வானத்தைப் பெரிதாக்க நேர்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கும் நமக்கு முதலில் பேசும் அன்னம் இடப்பக்கம் நிற்பதே இயல்பு. இயலாதபோது, அதன் குமிழையாவது தமயந்தியின் குமிழுக்கு மேலே வைக்க வேண்டும்.