கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லாதீங்க: ரிக் வேலையில அடிபட்டவங்களுக்கு

சிங்கப்பூர்ல லாயர் நான், கப்பல் யார்டுலயும் கடல்ல எண்ணெய் எடுக்கிற ரிக்லயும் அடிபட்டவங்களோட கேஸ் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் வர்றப்போ அப்படியே எங்க ஆபீஸுக்கும் வந்து உக்காருவாங்க, துவாஸ் டார்ம், பயனியர் டார்ம்னு தொழிலாளிங்க தங்குற எல்லா இடத்துல இருந்தும். "எப்படி அடிபட்டுச்சு"ன்னு நான் மொதல்ல கேக்க மாட்டேன், "மொதல் டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க"ன்னு தான் கேப்பேன். கேஸ் நிக்கிறதும் விழுறதும் பெரும்பாலும் அங்க தான்.

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருத்தர், பைப் ஃபிட்டர். ரிப்பேருக்கு வந்த ஜாக்கப் ரிக் (கடல்ல கால் ஊன்றி நிக்கிற ரிக்) ஒண்ணுல பைப் முனைத் தட்டு, அதாவது ஃபிளேஞ்ச் ரெண்டையும் ஓட்டைக்கு ஓட்டை சேர்த்துட்டு இருந்திருக்காரு, தூக்கிப் பிடிச்சிருந்த செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) லேசா இறங்கிடுச்சு, நடு விரல் மாட்டிக்கிச்சு. கிளவுஸைக் கழட்டினா நகமும் கூடவே வந்துடுச்சாம். ஆம்புலன்ஸ் கூப்பிடல. கம்பெனி லாரியில முன் சீட்டுல உக்கார வெச்சு கிளினிக்குக் கூட்டிட்டுப் போற வழியில சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு, "தம்பி, டார்ம் கதவுல நசுங்கிடுச்சுன்னு சொல்லிடு, வேலையில பட்டதுன்னா சைட்டையே நிறுத்திடுவாங்க, கை வைக்கக் கூடாத எடத்துல வெச்சது நீ தானே, உனக்கு ஒண்ணும் கிடைக்காது." இவரும் அப்படியே சொல்லிட்டாரு. பயந்து மட்டும் சொல்லல, தப்பு தன் மேல தான்னு மனசார நம்பி சொல்லியிருக்காரு. அந்த ஒரு வரி டாக்டரோட கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு, அதை மாத்தி நிரூபிக்க, கூட வேலை பாத்தவங்க, கிளினிக்குக்குப் போன நேரம், வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோன்னு ஒவ்வொண்ணா தேட வேண்டியதாப் போச்சு.

சிங்கப்பூர்ல வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் 2019னு ஒண்ணு இருக்கு, 2020 செப்டம்பர் 1ல இருந்து நடைமுறையில இருக்கு. இந்தச் சட்டத்துல தப்பு யாரோடதுன்னு கேள்வியே கிடையாது. கவனக்குறைவா கை வெச்சிருந்தாலும் சரி, பழைய செயின் பிளாக்கைக் கம்பெனி மாத்தாம விட்டிருந்தாலும் சரி, வேலையில பட்ட அடின்னா இழப்பீடு உண்டு. குடிச்சிட்டு வேலை பாத்தது, வேணும்னே காயப்படுத்திக்கிட்டது, சண்டையில அடி வாங்கினது மாதிரி சில விஷயம் தான் விலக்கு. கையில இருக்கிற வேலை அனுமதி வொர்க் பெர்மிட்டா எஸ் பாஸா, இந்தியாவா பங்களாதேஷான்னும் பாக்குறதில்ல. அதனால "என் மேல தான் தப்பு"ன்னு நெனச்சு பொய் சொல்றவங்க, சட்டம் கேக்கவே கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லித் தன் உரிமையைத் தானே விட்டுடுறாங்க. எனக்கு இதைப் பாக்கும்போது தான் ரொம்ப வலிக்கும்.

முன்னாடி மூணு நாளுக்கு மேல எம்சி (டாக்டர் கொடுக்கிற லீவு சீட்டு) இருந்தா, இல்ல ஆஸ்பத்திரியில ஒரு நாள் படுத்தா தான் மனிதவள அமைச்சு, அதான் எம்ஓஎம்-க்கு ரிப்போர்ட் பண்ணணும்னு இருந்துச்சு, அதனாலயே ரெண்டு நாள் எம்சியோட நிறுத்தப் பாப்பாங்க. இப்போ வேலையில பட்ட அடிக்கு ஒரு நாள் எம்சி கொடுத்தாலும், வெறும் லைட் டியூட்டி கொடுத்தாலும் கம்பெனி ரிப்போர்ட் பண்ணியே ஆகணும். பண்ணலேன்னா நீங்களே எம்ஓஎம்ல சொல்லலாம், ஆனா அடிபட்ட நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள கிளைம் போடணும்.

பணத்துல ஏமாறுற இடம் இன்னொண்ணு இருக்கு. எம்சி நாளுக்கு பேசிக் சம்பளம் மட்டும் போட்டுக் கொடுப்பாங்க, வாங்கிட்டு வந்துடுவாங்க நம்மாளுங்க. சட்டம் சொல்றது பேசிக் இல்ல, அடிபடுறதுக்கு முந்தின 12 மாசத்தோட சராசரி வருமானம், அதுல ஓடி, அதாவது ஓவர்டைம் பணமும் சேரும். யார்டு வேலையில பேசிக் கொஞ்சம், ஓடி தான் நெறைய, அப்போ எவ்வளவு வித்தியாசம் வரும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. சாதா எம்சின்னா 14 நாள் வரைக்கும், ஆஸ்பத்திரி எம்சின்னா 60 நாள் வரைக்கும் அந்த சராசரியில முழுசா, அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, ஒரு வருஷம் வரைக்கும். இதுக்கு பேஸ்லிப் வேணும். மாசாமாசம் பேஸ்லிப் கொடுக்கணும்னு 2016ல இருந்தே சட்டம் இருக்கு, வாங்கி போன்ல போட்டோ எடுத்து ஊருக்கும் ஒரு காப்பி அனுப்பிடுங்க.

2025 நவம்பர் 1லயோ அதுக்குப் பிறகோ நடந்த விபத்துன்னா மருத்துவச் செலவு 53,000 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும், இல்ல ஒரு வருஷம் வரைக்கும், எது முன்னாடி வருதோ அது. முழுசா நிரந்தர ஊனம்னா 1,16,000ல இருந்து 3,46,000 வெள்ளி வரைக்கும், விரல் மாதிரி ஒரு பகுதி போச்சுன்னா டாக்டர் போடுற சதவீதம், வயசு, வருமானம் வெச்சு கணக்கு. உயிரே போச்சுன்னா குடும்பத்துக்கு 91,000ல இருந்து 2,69,000 வெள்ளி வரைக்கும்.

இனி கடலுக்கு நடுவுல இருக்கிற பிளாட்ஃபார்ம். சிங்கப்பூர்க் கடல்ல எண்ணெய் கிணறு கிடையாது, ஆனா இங்க இருக்கிற கம்பெனி ஆளுங்களை மலேசியா, இந்தோனேசியா, புருணைப் பக்கம் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது உற்பத்தியை நிறுத்திட்டு ரிப்பேர் பாக்குற வேலைக்கு அனுப்புது. சிங்கப்பூர்ல தங்கி சிங்கப்பூர் முதலாளிக்கு வேலை பாக்குறவரை அப்படி வெளியில அனுப்பியிருந்தா, அங்க பட்ட அடிக்கும் இந்தச் சட்டத்துல கிளைம் போட வழி இருக்கு. ஊர்ல ஏஜென்ட் மூலமா சேர்ந்து, சாங்கி ஏர்போர்ட்ல பிளைட் மாறி நேரா ரிக் ஏறினவரோட கதை வேற. அவருக்கு காண்ட்ராக்ட் யாரோட, ரிக் எந்த நாட்டுக் கொடியில ஓடுது, எந்த நாட்டுக் கடல்னு எல்லாம் பாக்கணும், கப்பல் ஊழியர்னு கணக்குல வந்தா கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி குறைஞ்சது 16 வாரம் வைத்தியச் செலவு கப்பல் முதலாளி பாக்கணும், ஊருக்கு அனுப்புற செலவும் அவங்களோடது. ரிக் ஏறுறதுக்கு முன்னாடியே காண்ட்ராக்டோட எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க. அடிபட்டா ரிக்ல மருத்துவம் பாக்குற மெடிக் கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லி, எழுதினதுல ஒரு காப்பி கேளுங்க, ஹெலிகாப்டர்ல ஏத்திட்டா அப்புறம் அந்தப் பேப்பரைப் பாக்குறது கஷ்டம்.

நெட்ல தேடிட்டு "ஜோன்ஸ் ஆக்ட்ல கோடி கோடியா கிடைக்குமாமே சார்"னு கேக்குறாங்க. அது கடல் ஊழியர்களுக்கான அமெரிக்கச் சட்டம். வேற நாட்டுக் கடல்ல எண்ணெய் வேலை பாத்த அமெரிக்கர் அல்லாதவங்களுக்கு 1982லயே பெரும்பாலும் கதவை அடைச்சுட்டாங்க, அதை நம்பி இங்க கிளைம் போட இருக்கிற ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டுடாதீங்க.

கம்பெனி மேல கோர்ட்ல கேஸ் போட்டா இதைவிட அதிகமா கிடைக்கலாம், அதுக்கு மூணு வருஷம் டைம் இருக்கு, ஆனா அங்க கம்பெனியோட தப்பை நீங்க நிரூபிக்கணும், ரெண்டு பக்கமும் பணம் வாங்க முடியாது. சேஃப்டியை வேணும்னே விட்ட கேஸ், பெரிய ஊனம்னா மட்டும் அதை யோசிங்க, எம்ஓஎம் கிளைமுக்கு லாயரே தேவையில்ல.

பெர்மிட்டை கேன்சல் பண்ணிட்டாங்கன்னா கிளைம் செத்துப் போயிடாது. சிகிச்சைக்கும் கிளைமுக்கும் தங்க எம்ஓஎம் ஸ்பெஷல் பாஸ் கொடுக்கும், அதுல பொதுவா வேலை பாக்க முடியாது, ஆனா சாப்பாடும் தங்குற இடமும் அந்தக் கம்பெனி பொறுப்பு. வெளிநாட்டு ஊழியர் நிலையம் 24 மணி நேரமும் போன் எடுக்கும், 6536 2692. ராத்திரியோட ராத்திரியா டிக்கெட்டைக் கையில கொடுத்து ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, இமிகிரேஷன் கவுன்டர்ல பாஸ்போர்ட் கொடுக்கும்போதே "எனக்கு வேலையில அடிபட்டிருக்கு, கிளைம் முடியல"ன்னு அந்த ஆபீசர்கிட்ட சொல்லுங்க, தமிழ்ல சொன்னாலும் பரவாயில்ல.